இசைப்பொறிகளைச் சேகரித்தலும் மீட்டமைத்தலும்: திப்புவின் புலிப்பொறியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சுருள்வில், பற்சக்கரம், துருத்தி ஆகியவற்றின் துணையால் ஒலிக்கும் பழைய இசைப்பொறிகள் ஒரே வேளையில் கலைப்பொருளாகவும் இசைக்கருவியாகவும் விளங்குகின்றன. இயக்கினால் அவை தேய்கின்றன. இயக்காமல் விட்டால் அவை செய்யப்பட்டதன் நோக்கமே மறைகிறது. இம்முரணை மீட்டமைப்பாளர் எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதை, 1799இல் சீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்டு இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட திப்பு சுல்தானின் புலிப்பொறியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் கைக்கொண்ட நெறி, பொறிகளை மீட்டமைப்பதற்கும் பொருந்தும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும். எமரால்டு உள்ளிட்ட நீலகிரிப் பகுதியின் ஈரச்சூழலில் இத்தகைய பொருள்களைக் காக்கும் முறைகளும் இதில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இசைப்பெட்டி, புலிப்பொறி, மீட்டமைப்பு, பதிப்பு நெறி, நீலகிரி, கலைச்சொல்.

முன்னுரை

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அவ்வீழ்ச்சியை அடுத்து இருவேறு கைமாற்றங்கள் நிகழ்ந்தன. மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கோயம்புத்தூர்ப் பகுதியும் அதனைச் சேர்ந்த நீலகிரி மலையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாயின. திப்புவின் அரண்மனை இசைக்கூடத்திலிருந்த மரப்புலி ஒன்று கப்பலேறி இலண்டன் சென்றது. நிலத்தின் கைமாற்றம் அரசியல் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. புலியின் கைமாற்றமோ பெரும்பாலும் வியப்புச் செய்தியாகவே சொல்லப்படுகிறது. எனினும், ஓர் இசைப்பொறி போர்ப்பொருளாகி, காட்சிப்பொருளாகி, பழுதாகி, பழுதுபார்க்கப்பட்டு, தன் பழைய குரலை எவ்வாறு இழந்தது என்பதை அறிய அதனினும் சிறந்த சான்று தென்னிந்திய வரலாற்றில் அரிது.

பழம்பொருள்களைக் காப்பது பற்றிய நம் சிந்தனை பெரும்பாலும் கல், செம்பு, ஓலை, ஓவியம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளது. இவை அசையாப் பொருள்கள். அசைவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் காப்பது தனிச்சிக்கல். அச்சிக்கலின் இயல்பையும் அதற்குத் தமிழ் மரபிலிருந்தே பெறத்தக்க தீர்வையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தமிழிலக்கியத்தில் பொறி

பொறி என்னும் சொல் புலன்வாயில், முத்திரை, தீத்துகள் எனப் பல பொருள் தரும். இயந்திரம் என்னும் பொருளில் அச்சொல் பழந்தமிழிலேயே வழக்கில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையில் அமைந்திருந்த போர்ப்பொறிகளை வரிசையாகப் பட்டியலிடுகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக வானில் பறக்கும் மயிற்பொறியைச் செய்விக்கிறான். அதனை ஒருபுறம் திருக மேலெழும், மறுபுறம் திருகக் கீழிறங்கும் என்னும் இயக்கக் குறிப்பும் அங்குக் காணப்படுகிறது. பெருங்கதையின் உதயணன் வரலாற்றில் வீரர்களைத் தன் வயிற்றில் மறைத்துவைத்த எந்திர யானை இடம்பெறுகிறது.

இவ்விலக்கியங்கள் பொறியின் தோற்றத்தையும் பயனையும் கூறுகின்றன, உள்ளமைப்பை விரித்துரைப்பதில்லை. போசராசனின் பெயரால் வழங்கும் 11ஆம் நூற்றாண்டு வடமொழிச் சிற்பநூலாகிய சமராங்கண சூத்திரதாரம் எந்திரங்களுக்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. அந்நூலும் செய்முறையை முற்றும் விளக்காமல், அறியாமையால் அன்றி மறைகாத்தலின் பொருட்டே சொல்லாது விடுவதாகக் குறிப்பிடுகிறது. இச்சான்றுகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வே. இராகவன் ஆவார். பழைய இந்தியாவின் எந்திரங்கள் பற்றிய அவருடைய ஆய்வு 1950களில் நூல்வடிவம் பெற்றது.

பெயர் எஞ்சிப் பொருள் மறைந்த மரபு இது. செய்தவன் சொல்லாமல் விட்டதும், பழுதுபார்த்தவன் எழுதாமல் விட்டதும் சேர்ந்து ஒரு தொழில்நுட்பத்தின் நினைவையே அழித்துவிடும் என்பது இதனால் பெறப்படுகிறது. எனவே, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பழம்பொறியும் பொருளாக மட்டுமன்றி ஆவணமாகவும் மதிக்கத்தக்கது.

2. இசைப்பெட்டியின் அமைப்பும் இயக்கமும்

மீட்டமைப்பின் சிக்கலை உணர்வதற்கு இசைப்பெட்டியின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். 1796இல் ஜெனீவாவைச் சேர்ந்த அந்துவான் ஃபாவர் என்னும் கடிகாரக் கைவினைஞர், மணிகளுக்கு மாற்றாக இசைவு செய்யப்பட்ட எஃகுப் பற்களை ஒலிக்கச் செய்யும் முறையை முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்த உருளை இசைப்பெட்டி 19ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, சாந்த் குருவா பகுதிகளில் பெருந்தொழிலாயிற்று. 1880களில் செருமனியின் லைப்சிக் நகரில் உருளைக்கு மாற்றாக உலோகத்தட்டைப் பயன்படுத்தும் பெட்டிகள் தோன்றின. தட்டை மாற்றினால் பாட்டு மாறும் என்பது அதன் வசதி.

உருளைப்பெட்டியில் முதன்மையான உறுப்புகள் நான்கு. முறுக்கேற்றிய சுருள்வில் ஆற்றலைத் தருகிறது. பித்தளை உருளையின் மேல் நுண்ணிய எஃகு முட்கள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கும். எஃகுச் சீப்பின் பற்களை அம்முட்கள் தூக்கி விடுவிக்கும்போது ஒலி பிறக்கிறது. விசிறி போன்ற சிறு தகடு காற்றின் எதிர்ப்பைக்கொண்டு வேகத்தைச் சீராக்குகிறது. ஒரே உருளையில் பல பாடல்களின் முட்கள் இடையிடையே அமைந்திருக்கும். ஒரு பாடல் முடிந்ததும் உருளை பக்கவாட்டில் மிகச்சிறிதளவு நகர, அடுத்த பாடலுக்குரிய முட்கள் பற்களுக்கு நேராக வந்துநிற்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் பல்லை மீண்டும் ஒரு முள் தொடும்போது கீச்சொலி எழாதவாறு, பல்லின் அடியில் மெல்லிய கம்பியோ பறவையிறகின் துண்டோ ஒலித்தணிப்பானாகப் பொருத்தப்படும்.

கிராமபோனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. 1902இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் இந்தியக் கலைஞர்களின் குரலைப் பதிவுசெய்தபோது தோன்றிய இசைத்தட்டு, முன்பு ஒருமுறை நிகழ்ந்த பாட்டை மீண்டும் ஒலிக்கச் செய்வது. இசைப்பெட்டியில் முன்நிகழ்ந்த பாட்டு என ஒன்று இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது புதிதாக வாசிக்கிறது. எழுதப்பட்ட இசைக்குறிப்பும் வாசிக்கும் கருவியும் ஒரே பொருளில் அடங்கியுள்ளன. ஆகவே ஒரு முள் வளைந்தால் பாடலின் எழுத்து பிழைபடுகிறது. ஒரு பல் துருப்பிடித்தால் சுருதி பிறழ்கிறது. பொருளின் சிதைவே இசையின் சிதைவாகி விடுகிறது.

சுருள்வில் முறுக்கேறிய நிலையில் வேகக்கட்டுப்பாட்டு உறுப்பைக் கழற்றினால் உருளை கட்டுக்கடங்காது சுழன்று, முட்களும் பற்களும் சில நொடிகளில் முறிந்துபோகும். உருவாக்கப் பல மாதங்கள் எடுத்த வேலைப்பாடு ஒரு கவனக்குறைவில் அழிவது இவ்வாறே. வில்லின் முறுக்கை முற்றும் தளர்த்திய பின்னரே வேறெந்த உறுப்பையும் தொடவேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதியாகும்.

கிராமபோனின் வரவால் இசைப்பெட்டித் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நலிந்தது. வழக்கொழிந்த பின்னரே சேகரிப்பு தொடங்கியது. 1949இல் அமெரிக்காவிலும் 1962இல் பிரித்தானியாவிலும் இசைப்பெட்டிச் சேகரிப்பாளர் சங்கங்கள் தோன்றின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தானியங்கு இசைக்கருவிகளுக்கென்றே அருங்காட்சியகம் ஒன்று 1956 முதல் இயங்குகிறது. தனியார் ஆர்வமாகத் தொடங்கிய சேகரிப்பே இத்துறையின் ஆய்வுக்கும் அடித்தளமாயிற்று.

3. திப்புவின் புலிப்பொறி

3.1 அமைப்பு

1790களில் உருவானதாகக் கருதப்படும் இப்பொறி, கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன்மேல் பாய்ந்து கழுத்தைக் கவ்வும் புலியின் வடிவில் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்ட மரச்சிற்பமாகும். ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளமும் 71 செ.மீ. உயரமும் உடையது. புலி, திப்பு தம் அரசின் சின்னமாகக் கொண்ட விலங்கு. ஆதலால் இச்சிற்பத்தின் அரசியற்பொருள் வெளிப்படையானது.

பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் துருத்திகள் இயங்குகின்றன. மனிதனின் தொண்டையிலுள்ள குழலின் வழியே காற்றுச் சென்று ஓலமாக ஒலிக்கிறது. அவனது இடக்கை மேலும் கீழும் அசைய, அவ்வோலத்தின் சுருதி மாறுகிறது. புலியின் தலையினுள் அமைந்த குழல் உறுமலை எழுப்புகிறது. புலியின் உடற்பகுதியில் ஒரு மூடியைத் திறந்தால், பித்தான் வடிவச் சாவிகள் 18 கொண்ட சிறிய குழலிசைப் பேழை, அதாவது ஆர்கன், காணப்படுகிறது. ஓலமும் உறுமலும் தாமே ஒலிப்பவை. ஆர்கனையோ ஒருவர் அமர்ந்து வாசிக்கவேண்டும். எனவே இது தானியங்குப் பொம்மையும் இசைக்கருவியும் இணைந்த கலப்புப்படைப்பு.

3.2 கைமாறிய வரலாறு

அரண்மனை இசைக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்ட இப்பொறி இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, 1808 முதல் லெடன்ஹால் தெருவிலிருந்த கும்பினி மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்தவர்கள் விரும்பியபடி கைப்பிடியைச் சுழற்றினர். அங்கிருந்த நூலகத்தில் படிக்க வந்தோருக்கு உறுமலும் ஓலமும் ஓயாத தொல்லையாயின. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்சு தம் கவிதையொன்றில் இப்பொறியைக் குறிப்பிடும் அளவுக்கு அது நகரின் வேடிக்கைப்பொருளாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கைப்பிடி காணாமற்போய், பொறி பழுதடைந்து ஊமையாகியிருந்தது.

கும்பினி ஆட்சி முடிந்தபின் அதன் அருங்காட்சியகப் பொருள்கள் இடம்மாறின. 1879-80இல் புலிப்பொறி தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதுவே பின்னர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சில் மேற்கூரை சரிந்து விழ, மரச்சிற்பம் பல நூறு துண்டுகளாக உடைந்தது. போருக்குப்பின் அத்துண்டுகள் ஒட்டிச் சேர்க்கப்பட்டு, 1947இல் பொறி மீண்டும் காட்சிக்கு வந்தது. 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் காட்சிப்படுத்தப்பட்டது.

3.3 பழுதுபார்ப்பு அழித்தவை

புறவடிவத்தைப் பொறுத்தவரை இம்மீட்டமைப்பு பெருவெற்றி. ஆனால் குரலைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. ஆர்கனின் குழல்கள் பல வெவ்வேறு காலங்களில் மாற்றப்பட்டுள்ளன. தானியங்கு இசைக்கருவிகளின் ஆய்வாளரும் பிரித்தானிய இசைப்பெட்டிச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவருமான ஆர்தர் ஆர்ட்-ஹியூம், இப்பொறியின் உட்புறத்தை ஆராய்ந்து 1987இல் கட்டுரை வெளியிட்டார். பிற்காலப் பழுதுபார்ப்புகளால் மூல இயக்கமுறை பெரிதும் உருமாறிவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. இன்று அப்பொறியை இயக்கினால் எழும் ஒலி, திப்புவின் அவையில் எழுந்த ஒலி என்று கொள்வதற்கில்லை.

இங்கு இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. இப்பொறியைச் செய்தவர் யார் என்னும் வினா நெடுங்காலம் நிலவியது. திப்புவின் அவையில் பிரெஞ்சுக் கைவினைஞர்களும் பொறியாளர்களும் இருந்தமையால், உள்ளியக்கத்தில் அவர்தம் பங்கு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதினர். எஞ்சியிருந்த பழைய பித்தளைக் குழல்களின் உலோகக்கலவையைப் பகுத்தாய்ந்தபோது, பொறி உள்நாட்டில் உருவானது என்பதற்குச் சான்று கிடைத்தது. மாற்றப்படாத சில குழல்களே இச்சான்றை வழங்கின. நன்றாக ஒலிக்கவேண்டும் என்று கருதி அனைத்துக் குழல்களையும் முன்பே மாற்றியிருந்தால், இப்பொறியின் பிறப்பிடம் பற்றிய அச்சான்றும் குப்பையோடு சென்றிருக்கும். பயனற்றதெனத் தோன்றும் பழைய உறுப்பே வருங்கால ஆய்வின் முதன்மைச் சான்றாகலாம் என்பது புலிப்பொறி தரும் பாடங்களுள் தலையாயது.

4. ஒலிக்கவிடுதலும் ஓய்வளித்தலும்

பொறிகளைக் காப்பதில் இருவேறு வழிகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இந்தியாவிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி நிறுவனத்திடமிருந்து மூன்றாம் சாலார் ஜங் பெற்ற இசைக்கடிகாரம் உள்ளது. அதில் ஒவ்வொரு மணிக்கும் சிறு கதவின் வழியே ஒரு பொம்மை வெளிவந்து மணியை அடித்து மீளும். அதனைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு அமர்வது அவ்வருங்காட்சியகத்தின் அன்றாடக் காட்சி. அக்கடிகாரத்தை நிறுத்திவைத்தால் அதன் உறுப்புகள் தேய்வதைத் தவிர்க்கலாம். ஆனால், அதனைச் சூழ்ந்து நிற்கும் மக்கள் அனுபவம் மறைந்துவிடும்.

நீலகிரி மலை இரயில் இதனினும் தெளிவான சான்று. 1899இல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் இயங்கத் தொடங்கிய இப்பாதை 2005இல் யுனெசுகோவின் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்ட பழைய நீராவிப் பொறிகள் முதுமையுற்றபோது, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புதிய பொறிகள் கட்டப்பட்டன. சில பொறிகளில் நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெய் எரிபொருளாயிற்று. பொருள் மாறியது, இயக்கம் நிலைத்தது. தேரின் மரம் மாறினாலும் தேரோட்டம் நிற்பதில்லை என்னும் தமிழ்க் கோயில் மரபுக்கு இது நெருக்கமானது.

புலிப்பொறிக்கு இவ்வழி பொருந்தாது. இரயில்பொறி ஒரே வகையில் பல செய்யப்பட்டது. அதன் வரைபடங்கள் உள்ளன. புலிப்பொறியோ ஒன்றே ஒன்று, வரைபடம் இல்லாதது. எனவே, பொறியின் வகை, எஞ்சியுள்ள படிகளின் எண்ணிக்கை, செய்முறை ஆவணங்களின் இருப்பு ஆகிய மூன்றையும் கொண்டே ஒலிக்கவிடுவதா ஓய்வளிப்பதா என்பதை முடிவுசெய்தல் வேண்டும். ஒன்றே எஞ்சிய பொருளுக்கு ஓய்வளித்து, அதன் அளவுகளைக்கொண்டு படிப்பொறி ஒன்று செய்து அதனை ஒலிக்கவிடுவது இரு நோக்கங்களையும் ஒருங்கே நிறைவேற்றும் வழி.

5. பதிப்பு நெறியும் மீட்டமைப்பு நெறியும்

இவ்விடத்தில் தமிழாய்வுலகுக்கு நன்கு பழகிய ஒரு நெறி துணைபுரிகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1924இல் பெருங்கதையையும் பதிப்பித்தார். மயிற்பொறியையும் கோட்டைப்பொறிகளையும் எந்திர யானையையும் இன்றைய வாசகர் அறிவது இப்பதிப்புகளின் வழியேயாகும். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தல், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டல், கிடைக்காத பகுதியைத் தாமே இயற்றி நிரப்பாதிருத்தல் ஆகியவை அப்பதிப்புகளின் அடிப்படை. பெருங்கதையின் முற்பகுதியும் இறுதிப்பகுதியும் கிடைக்காத நிலையில், கிடைத்தவாறே அந்நூல் அச்சேறியது. அக்குறையே அப்பதிப்பின் நேர்மைக்குச் சான்றாகிறது.

இசைப்பொறியை மீட்டமைப்பவரும் ஒருவகைப் பதிப்பாசிரியரே. முட்கள் பதித்த உருளை ஓர் ஏடு. முறிந்த பல் ஒரு சிதைந்த எழுத்து. புதிதாகப் பொருத்தப்படும் உறுப்பு ஒரு திருத்தம். திருத்தம் செய்தல் குற்றமன்று. திருத்தத்தை மூலம்போலக் காட்டுவதே குற்றம். புலிப்பொறியைப் பல்வேறு காலங்களில் பழுதுபார்த்தோர், தம் கருத்துக்கேற்பப் பாடத்தை மாற்றி அதனைக் குறிக்காமல் விட்ட ஏடெழுதுவோரை ஒத்தவர்கள். மூலக்குழல் எது, மாற்றுக்குழல் எது எனப் பிற்கால ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டியதாயிற்று. மூலத்தோடு ஒப்புநோக்க வேறு படி இல்லாத நிலையில் இவ்விழப்பு மீட்க இயலாதது.

மரபுச்சின்னங்கள் பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிசு சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்னும் கருத்தையே வலியுறுத்துகிறது. இந்நெறியைத் தமிழ்ப் பதிப்புலகம் அதற்கு முன்பே நடைமுறையில் கண்டிருந்தது.

இத்துறைக்குரிய தமிழ்க் கலைச்சொற்களும் வரையறை பெறவேண்டியுள்ளன. பழுதுபார்த்தல், புதுப்பித்தல், சீரமைத்தல், மீட்டமைத்தல் ஆகியவை ஒருபொருட் சொற்களாகவே வழங்குகின்றன. 2008இல் புதுதில்லியில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் பாதுகாப்புக்குழு இச்செயல்களை மூவகையாகப் பிரித்தது. பொருளைத் தொடாமல் சூழலைச் சீர்செய்தல் முதல்வகை. அதனைத் தடுப்புப் பாதுகாப்பு எனலாம். நடந்துகொண்டிருக்கும் சிதைவைப் பொருளில் நேரடியாகத் தலையிட்டு நிறுத்துதல் இரண்டாம்வகை. அது தீர்வுப் பாதுகாப்பு. பொருளின் பொருண்மையும் பயனும் விளங்குமாறு அதனைச் செப்பனிடுதல் மூன்றாம்வகை. அதற்கே மீட்டமைப்பு என்னும் சொல்லை ஒதுக்குதல் தகும். பழைய உறுப்புகளை நீக்கிப் புதியவற்றால் நிறைத்து இயங்கச் செய்வதைப் புதுப்பித்தல் எனத் தனியே குறிக்கலாம். இவ்வரையறை இருப்பின், பொன்மலையில் நடந்தது புதுப்பித்தல் என்றும், போருக்குப்பின் புலிப்பொறியின் மரச்சிற்பத்தில் நடந்தது மீட்டமைப்பு என்றும் ஐயமின்றிக் கூறமுடியும்.

6. நீலகிரிச் சூழலில் பொறிகளைக் காத்தல்

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியபின் நீலகிரியில் ஐரோப்பியர் குடியிருப்புகளும், அவற்றைத் தொடர்ந்து தேயிலைத் தோட்டங்களும் பெருகின. இசைப்பெட்டியும் பின்னர்க் கிராமபோனும் அக்காலத்து வசதியுள்ள இல்லங்களின் பொழுதுபோக்குக் கருவிகள். இத்தகைய பழம்பொருள் ஒன்றை இம்மலையில் வைத்திருப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான பகை ஈரம்.

உதகைக்குத் தென்மேற்கே, குந்தா நீர்மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்தை அடுத்து அமைந்த எமரால்டும் அதன் அண்மையிலுள்ள அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையை முழுவீச்சில் பெறுபவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. மழைக்காலத்தில் காற்று ஈரத்தால் நிறைவதும், பனிக்காலத்தில் பகல் வெயிலும் இரவு உறைபனியும் மாறிமாறி வருவதும் மரத்தை விரியவும் சுருங்கவும் செய்கின்றன. ஒப்பீர்ப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்தால் பூஞ்சை தழைக்கும். விலங்குப்பசையால் ஒட்டிய இணைப்புகள் இளகும். துருத்தியின் தோல் நைந்துபோகும். எஃகுச் சீப்பு துருவேறும்.

இவற்றினும் நுண்ணிய கேடு ஒன்று உண்டு. இசைப்பெட்டியின் தாழ்சுருதிப் பற்களின் அடியில் எடைக்காக ஈயத்துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். மரப்பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெண்ணிறப் பொடியாக மாற்றும். அப்பொடி பருத்து அண்டைப்பற்களை நெருக்கிச் சுருதியைக் கெடுக்கும். மூடிவைத்தால் பாதுகாப்பு என்று கருதி ஆண்டுக்கணக்கில் பெட்டியைத் திறவாதிருப்பதே இக்கேட்டை வளர்க்கிறது.

ஆகவே, பொருளைத் தரையிலும் வெளிச்சுவரிலும் ஒட்டாமல் வைத்தல், ஒப்பீர்ப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டளவில் நிலைநிறுத்த முயலுதல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை அவ்வப்போது உலர்த்திப் பயன்படுத்துதல், பருவந்தோறும் திறந்து பார்த்துக் குறிப்பெழுதுதல் ஆகியவை முதற்கடமைகள். நனைந்த பொருளைக் கணப்படுப்பின் அருகில் வைத்து விரைந்து உலர்த்தினால் மரம் வெடிக்கும். சீப்பின் துருவை அரத்தாலோ அமிலத்தாலோ நீக்குதல் கூடாது. பற்களின் சுருதி அவற்றின் கனத்தைச் சார்ந்தது. உலோகம் குறைந்தால் சுருதியும் மாறும்.

அடுத்தது ஆவணம். பிரிக்கும் முன் ஒவ்வொரு நிலையிலும் ஒளிப்படம் எடுத்தல், ஒலிக்கும் நிலையில் இருப்பின் முதலில் ஒலியைப் பதிவுசெய்தல், நீக்கிய உறுப்பை எறியாமல் பெயர்ச்சீட்டுடன் அதே பெட்டியில் சேமித்தல், புதிய உறுப்பில் ஆண்டைப் பொறித்தல் ஆகிய நான்கும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும் என்பதையும், அத்தகையவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடையுண்டு என்பதையும் சேகரிப்பாளர் அறிந்திருத்தல் நன்று.

இப்பணிக்கு வேண்டிய திறனும் இம்மலைக்குப் புதிதன்று. நீலகிரியின் கோத்தர் சமூகத்தினர் அண்டைச் சமூகங்களுக்கு இரும்புக்கருவி செய்து தந்த கொல்லர்களாகவும், அவர்தம் சடங்குகளுக்கு இசை வழங்கிய கலைஞர்களாகவும் ஒருங்கே விளங்கியவர்கள். உலோகம் அறிந்த கையும் சுருதி அறிந்த செவியும் ஒருவரிடத்தே அமைவதையே இசைப்பொறி மீட்டமைப்பு வேண்டுகிறது. கைவினை மரபையும் இசை மரபையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் இன்றைய முறையில் அத்தகையோர் உருவாதல் அரிது.

7. சேகரிப்பின் எல்லை

எவை சேகரிக்கத்தக்கவை என்னும் வினாவும் எழுகிறது. தொலைவிலிருந்து வந்த பொருளுக்கும் அரசரோடு தொடர்புடைய பொருளுக்கும் கிடைக்கும் மதிப்பு, அன்றாடப் பொறிக்குக் கிடைப்பதில்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் பூசைவேளையில் மின்னோடியால் இயங்கும் முரசும் சேகண்டியும் மணியும் இணைந்த பொறி ஒலிக்கிறது. சுழலும் அச்சிலிருந்து இயக்கம் பெற்றுக் கோல்கள் முறைப்படி முரசையும் உலோகத்தையும் தாக்குவதே அதன் இயக்கம். கொள்கையளவில் இது உருளை இசைப்பெட்டியின் உறவினம். கோயில் இசைக்கலைஞரின் இடத்தைப் பொறி பற்றிக்கொண்ட சமூக மாற்றத்துக்கும் இதுவே சான்று. இவற்றின் தொடக்ககால மாதிரிகளும் அவற்றைச் செய்த பட்டறைகளின் செய்தியும் இன்றே தொகுக்கப்படுதல் வேண்டும். மயிற்பொறிக்கும் எந்திர யானைக்கும் நேர்ந்தது இவற்றுக்கும் நேரலாம். அவற்றைப் பாடியதுபோல் இவற்றைப் பாடி வைத்த காப்பியமும் இல்லை.

முடிவுரை

இசைப்பொறி எழுத்தும் வாசிப்பும் ஒன்றான பொருள் என்பதும், அதன் பொருட்சிதைவு இசைச்சிதைவாகவே முடியும் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்பட்டன. திப்புவின் புலிப்பொறி போரின் குண்டுவீச்சிலிருந்து உருவத்தளவில் மீண்டது. குறிப்பில்லாப் பழுதுபார்ப்புகளிலிருந்து அதன் குரல் மீளவில்லை. மாற்றப்படாமல் எஞ்சிய சில குழல்களே அதன் பிறப்பிடத்துக்குச் சான்றளித்தன. பல படிகளும் வரைபடங்களும் உள்ள பொறிகளைப் புதுப்பித்து இயக்குவதும், ஒன்றே எஞ்சியவற்றுக்கு ஓய்வளித்துப் படிப்பொறி செய்வதும் தக்க வழிகள் என்பது பெறப்பட்டது. பாடவேறுபாட்டைக் குறித்தும் இடைவெளியை நிரப்பாமலும் ஏட்டைப் பதிப்பித்த நெறி, பொறியைத் தொடும் கைக்கும் வேண்டும். நீக்கிய உறுப்பைச் சேமித்துப் பெயர்ச்சீட்டு எழுதுதல் எளிய செயல். இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரேனும் அதனைச் செய்திருந்தால், சீரங்கப்பட்டண அரண்மனையில் ஒலித்த அந்த ஆர்கனின் சுருதியை இன்றைய ஆய்வாளர் அறிந்திருக்கக்கூடும்.